ஐந்து நாள் வகுப்பு, 118 ஸ்லைடு, ஒரு புதன்கிழமை

கேள்வி:

அக்கா, வணக்கம். மதுரையில் பி.காம். முடித்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்தவள் நான். மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், ஒரு கம்யூனிட்டி காலேஜின் நிதியுதவி அலுவலகத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் மண்டலச் சங்கம் கோடையில் புதிய நிதியுதவி அலுவலர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த வருடம் நானும் அங்கே மாணவியாகப் போயிருக்கிறேன். இந்த ஜூனில் ‘ஆர்-டூ-டி-ஃபோர்’ பாடத்தை நான் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது தூக்கம் வரவில்லை. போன வருடம் நடத்தியவர் 118 ஸ்லைடு அனுப்பியிருக்கிறார். நான் இங்கே கல்லூரியில் படித்ததில்லை, எனக்காக ஃபாஃப்ஸா என்ற நிதியுதவி விண்ணப்பப் படிவம் ஒன்றுகூட நிரப்பியதில்லை. என் உச்சரிப்பு வேறு. இங்கேயே பிறந்து, பெல் கிராண்ட் என்ற அரசு மானியம் வாங்கிப் படித்தவர்கள் முன்னால் நின்று நான் என்ன சொல்லிக்கொடுப்பது? சம்பளமும் கிடையாது. ‘எதுக்கு வம்பு’ என்கிறார் என் கணவர். போகலாமா? போனால் எப்படி நடத்துவது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

போங்கள் தங்கச்சி. சரி என்று சொல்லிவிட்டீர்கள், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. எப்படி நடத்துவது என்பதைப் பேசுவோம்.

நானும் இருபத்து மூன்று வருடம் இதே வேலையில் இருந்தவள். அதில் ஒன்பது கோடைகள் இந்த வகுப்புகளை எடுத்திருக்கிறேன். முதல் கோடையில் என் கையில் 140 ஸ்லைடு இருந்தது. நாற்பதாவதைத் தாண்டும்போது பின்வரிசையில் ஒருவர் தன் கைக்குட்டையை மடித்துப் படகு செய்துகொண்டிருந்தார். நல்ல படகு. அதைப் பார்த்துக்கொண்டே மீதி நூறையும் ஓட்டி முடித்தேன். அன்று யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, நான் உட்பட.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசு கொடுக்கும் மானியமும் கடனும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் வழியாகத்தான் மாணவனுக்குப் போகும். 1965-ல் லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சாஸ் கல்லூரிக்கே போய்க் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பிரிவு இதற்கெல்லாம் தாய். அதனால்தான் எங்கள் பேச்சில் எதற்கெடுத்தாலும் ‘டைட்டில் ஃபோர்’. மாணவன் செமஸ்டர் நடுவில் படிப்பை விட்டுப் போனால், கொடுத்த பணத்தில் எவ்வளவுக்கு அவன் தகுதி பெற்றான், எவ்வளவு அரசுக்குத் திரும்ப வேண்டும் என்று போடும் கணக்கு ‘ரிட்டர்ன் ஆஃப் டைட்டில் ஃபோர்’. சுருக்கமாக ஆர்-டூ-டி-ஃபோர். 1998-ல் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. புதிதாக வருபவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அதை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றால் உங்கள் வேலையை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது அந்த 118 ஸ்லைடு. அனுப்பியவருக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பிறகு அதைத் திறக்காதீர்கள். அதில் இருப்பதெல்லாம் அரசின் மாணவர் நிதியுதவிக் கையேடான எஃப்.எஸ்.ஏ. கையேட்டின் ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது, 668.22 என்ற விதியில் இருக்கிறது. வருபவர்களுக்குப் படிக்கத் தெரியும். திரையில் இருப்பதை நீங்கள் வாசித்துக்காட்ட அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானூறு மைல் வரவேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கல்லூரி நாட்காட்டியை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். காகிதத்தில்தான். பென்சிலும் கொடுங்கள்.

நான் கொடுப்பது இது. போன இலையுதிர் செமஸ்டர், ஆகஸ்ட் 25, 2025 திங்கட்கிழமை தொடக்கம், டிசம்பர் 12 வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு. மொத்தம் எத்தனை நாள் என்று எண்ணச் சொல்லுங்கள், மாணவன் இருந்த நாளை இதால்தான் வகுக்கப் போகிறோம். ஆகஸ்டில் 7, செப்டம்பரில் 30, அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 12. மொத்தம் 110 நாள். சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்துத்தான். செப்டம்பர் 1 தொழிலாளர் தின விடுமுறையைக் கழிக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்பார். வேண்டாம். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும் இடைவேளையை மட்டும்தான் கழிக்கிறோம், இது சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்றுதான்.

சரி, நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங். வியாழன் 27. ‘புதன்கிழமை வகுப்பு இருந்ததா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

அறையில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் யாராவது ஒருவர் தலையை நிமிர்த்துவார். புதன் வகுப்பு நடந்திருந்தால் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் விடுமுறை. கழிக்க முடியாது, 110 என்பது 110-தான். செவ்வாயோடு வகுப்பு முடிந்திருந்தால் புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள். கழித்தே ஆக வேண்டும், 105 ஆகிவிடும்.

‘ஐந்து நாளில் என்ன வந்துவிடப் போகிறது’ என்று நினைப்பார்கள். அப்போது ஒரு மாணவனை உள்ளே கொண்டுவாருங்கள். அவனுக்கு அந்தச் செமஸ்டருக்குக் கிடைத்த உதவி 5,000 டாலர், அத்தனையும் கட்டணத்துக்கே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 28-ஆம் தேதி படிப்பை விட்டான். அது 65-ஆவது நாள். 65-ஐ 110-ஆல் வகுத்தால் 59.1 சதவீதம். அவனுக்கு உரியது 2,955 டாலர். மீதி 2,045 திரும்பிப் போக வேண்டும். கல்லூரி அதை 45 நாளுக்குள் அனுப்பிவிட்டு மாணவன் பெயரில் பாக்கி எழுதும். அதே 65-ஐ 105-ஆல் வகுத்தால் 61.9. அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுப் பணமும் அவனுடையது. ஒரு காசு திரும்ப வேண்டாம்.

அந்தப் புதன்கிழமை வரும்போது அவன் கல்லூரியிலேயே இல்லை. அவன் போய் ஒரு மாதம் கழித்து வரும் ஒரு விடுமுறை, அவன் தலையில் 2,045 டாலர் கடன் விழுமா விழாதா என்று முடிவு செய்கிறது. இதை ஸ்லைடில் எழுதிக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பென்சிலால் எண்ணிப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஏழெட்டு வருடம் கழித்து மாநாடுகளில் என்னைப் பார்ப்பவர்கள் என் பெயரை மறந்துவிட்டு ‘புதன்கிழமை அம்மா’ என்கிறார்கள்.

கணினி போட்டுத்தரும் கணக்கைக் கையால் எதற்குப் போடுவது என்று யாராவது கேட்பார்கள், நல்ல கேள்விதான். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நாட்காட்டிக் குழு ஒரு வருடம் புதன்கிழமையையும் விடுமுறையாக்கியது. நல்ல மனதோடுதான், பிள்ளைகள் தூரத்து ஊர்களுக்குப் போக வேண்டும் என்று. எங்கள் மென்பொருளில் முந்தைய வருடத்துச் செமஸ்டர் அமைப்பை அப்படியே நகல் எடுத்திருந்தோம். மென்பொருள் சத்தமில்லாமல், பிழையில்லாமல், தப்பான எண்ணால் வகுத்துக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் தெரிந்தது. அத்தனை கணக்கையும் மறுபடி போட்டோம். கடன்காரர்கள் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு போன் செய்து ‘நீங்கள் எங்களுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை’ என்று சொன்னது நான். ஒரு பையன், ‘அந்தப் பாக்கியால்தான் இந்தச் செமஸ்டர் சேரவில்லை’ என்றான். நாட்காட்டியைச் சரிபார்க்க வேண்டிய ஆளும் நான்தான் என்பதை அவனிடம் சொல்லவில்லை. இதை உங்கள் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம், என் பெயர் போடாமல்.

இனி உச்சரிப்பு. அதற்காகக் கவலைப்படாதீர்கள் என்று சும்மா சொல்லமாட்டேன், ஏனென்றால் ஒரு இடத்தில் அது நிஜமாகவே உதைக்கும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’. ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’. நாம் இரண்டையும் ஒரே மாதிரி அழுத்துவோம், அவர்கள் காதில் இரண்டும் ஒன்றாக விழும். முதல் வருடம் நான் பதினைந்து என்று சொல்லச் சொல்ல அரை வகுப்பு ஐம்பது என்று எழுதிக்கொண்டிருந்தது. விடை எதுவும் பொருந்தாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு பழக்கம்: வாயால் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் பலகையில் எழுதுவேன். அதனால் வேகமும் தானாகக் குறைந்தது, அது போனஸ். மற்றபடி உங்கள் ‘ர’வையும் ‘ட’வையும் அவர்கள் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்வார்கள். நீங்கள் டெக்சாஸ்காரர் பேச்சைப் பழகிக்கொண்டதைப் போல.

ஃபாஃப்ஸா நிரப்பியதில்லை என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே பிறந்தவர்கள் பல சொற்களைக் கேள்வி கேட்காமல் விழுங்கியிருப்பார்கள். நாம் ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டோம். பல வருடம், உதவியைக் கணக்கிட ‘எதிர்பார்க்கப்படும் குடும்பப் பங்களிப்பு’ என்று ஒரு எண் இருந்ததே, ஈ.எஃப்.சி. முதல் முறை பார்த்தபோது, ‘யார் எதிர்பார்க்கிறார்கள்? எந்தக் குடும்பம்? பெரியப்பாவும் உண்டா?’ என்று நான் என் மேலாளரைக் கேட்டேன். அவர் சிரித்தார். ஆனால் அந்தத் தொகையைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பில் என்றே லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களும் நினைத்துக்கொண்டிருந்தன. 2024-25 கல்வியாண்டிலிருந்து அதை எஸ்.ஏ.ஐ., அதாவது மாணவர் உதவிக் குறியீடு, என்று பெயர் மாற்றியதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம். அது இப்போது கழித்தல் 1,500 வரைகூடப் போகிறது. கழித்தலில் இருக்கும் ஒரு எண்ணை யாரும் பில் என்று நினைக்கமாட்டார்கள் அல்லவா.

இன்னொன்று. இளங்கலை படிக்கும் பிள்ளைக்கு 24 வயது ஆகும்வரை, கல்யாணம், குழந்தை, ராணுவம் மாதிரி சில காரணங்கள் இல்லாவிட்டால், அரசு அவனைப் பெற்றோரைச் சார்ந்தவனாகத்தான் பார்க்கும். நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 24 வயதில் நம் வீட்டுப் பிள்ளை சாப்பிட்டானா என்று அம்மா போன் செய்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் பதினெட்டில் வீட்டை விட்டு வந்த உங்கள் வகுப்பு ஆட்களில் சிலருக்கு இந்த விதி அநியாயமாகப் படும், சில பேர் அதைச் சொந்த அனுபவத்தில் பட்டிருப்பார்கள். அப்பா அம்மா பணம் தரமாட்டேன் என்பது மட்டுமே, அல்லது தனியாகச் சம்பாதித்து வாழ்கிறேன் என்பது மட்டுமே, விலக்குக்குப் போதாது என்று நீங்கள் சொல்லும்போது அறை கொஞ்சம் இறுகும். இது உங்கள் பாடத்தில் வராவிட்டாலும் காபி நேரத்தில் வரும். விதியை நியாயப்படுத்தி வாதாடாதீர்கள். விதி என்ன, துன்புறுத்தல், கைவிடப்படுதல் மாதிரியான சூழலில் அலுவலர் எங்கே கை கொடுக்கலாம் என்று காட்டினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிதாகப் பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, ‘எங்கள் காலேஜில் இப்படித்தான்’ என்று ஆரம்பிப்பது. உங்கள் காலேஜில் செய்வதில் சில சட்டம், சில விதி, சில உங்கள் காலேஜ் வகுத்துக்கொண்ட கொள்கை, சில, 2009-ல் ஓய்வு பெற்ற ஒரு அம்மையார் விட்டுப்போன பழக்கம். நாலும் வேறு வேறு. கேட்பவருக்கு நாலும் சட்டமாகத்தான் காதில் விழும். எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கிய மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கடைசிவரை வந்து தோற்றானா, நடுவிலேயே காணாமல் போனானா என்று கண்டுபிடிக்க வேண்டியது கட்டாயம். வருகைப் பதிவு கட்டாயமில்லாத கல்லூரி, சொல்லாமல் போனவனுக்குச் செமஸ்டரின் நடுப்புள்ளியை விலகிய நாளாக எடுத்துக்கொள்ளலாம். வேறு ஆதாரத்தோடு கடைசியாக வந்த நாளையும் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது என்பது கல்லூரியின் விருப்பம். பேராசிரியருக்கு நீல நிறத் தாளில் கடிதம் அனுப்பிக் கேட்பது பழக்கம். (நீலத் தாள் சட்டத்தில் இருக்கிறது என்றே மூன்று வருடம் நம்பியவள் நான்.)

உங்கள் வகுப்பில் எல்லோரும் செமஸ்டர் கல்லூரிக்காரர்களாக இருக்கமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அழகுக்கலைப் பள்ளியிலிருந்து இரண்டு பேராவது வருவார்கள். அங்கே படிப்பை மணிக்கணக்கில் அளக்கிறார்கள், நாட்காட்டி வித்தை அவர்களுக்குச் செல்லாது. மாணவி எத்தனை மணி நேரம் வந்தாள் என்று பார்க்காமல், அந்த நாள்வரை எத்தனை மணி நேரம் வர வேண்டும் என்று திட்டம் இருந்தது என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் பல்கலைக்கழகக்காரர்கள் ‘அதெப்படி?’ என்பார்கள். அப்போது நீங்கள் உட்கார்ந்துவிடுங்கள், அந்த அழகுக்கலைப் பள்ளிப் பெண்ணை எழுந்து விளக்கச் சொல்லுங்கள். மூன்று நாளாக ‘நான் சின்னப் பள்ளி’ என்று ஓரமாக உட்கார்ந்திருந்தவள் அன்று மத்தியானம் எந்த மேசையில் சாப்பிடுகிறாள் என்று பாருங்கள்.

பாடத்துக்கு உதாரணம் வேண்டும் என்று உங்கள் அலுவலகக் கோப்பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெயரை மாற்றினாலும் வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். பெயர், கல்லூரி, படிப்பு எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பேரும் ஒரே வருடம் கல்லூரி சேர்கிறார்கள், அப்பா அறுவடை இயந்திரம் பழுது பார்ப்பவர் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கணக்குக்கு அது தேவைப்பட்டது, கதையும் சுவையாக இருந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் முகம் வெளுத்தது. இடைவேளையில் வந்து, ‘அது எங்கள் பக்கத்து ஊர்க் குடும்பம்தானே?’ என்று மெதுவாகக் கேட்டாள். அன்று சாயங்காலமே எல்லார் கையிலிருந்தும் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்கும் சட்டம் 1974-லிருந்து இருக்கிறது. அதன் பெயரை நானே அந்த வாரம் இரண்டு முறை வகுப்பில் சொல்லியிருந்தேன். இப்போதெல்லாம் கணக்குக்கு வேண்டிய எண்களை முதலில் வைத்துக்கொண்டு ஆளைக் கற்பனையாகச் செய்கிறேன். அக்டோபர் 28-ல் போன பையன் அப்படிப் பிறந்தவன்தான்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்போது எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற பயமும் உங்களுக்குள் இருக்கும், கடிதத்தில் எழுதாவிட்டாலும். 2023 கோடையில் வகுப்பு எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதிய ஃபாஃப்ஸாவைப் பற்றி நாங்கள் காகிதத்தை வைத்தே நான்கு நாள் பேசினோம். வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும் படிவம் அந்த வருடம் டிசம்பர் 30-ல் எட்டிப் பார்த்தது. மாணவர் விவரங்கள் கல்லூரிகளுக்கு வர மார்ச் ஆகிவிட்டது. நாங்கள் விளக்கிய சூத்திரம் யாருக்கும் அந்தக் குளிர்காலத்தில் உதவவில்லை. ‘உங்கள் விவரம் எங்களுக்கு இன்னும் வரவில்லை, வந்ததும் இதைத்தான் செய்வோம், அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது’ என்று ஒரு அம்மாவிடம் பொய்யில்லாமல் சொல்வது எப்படி என்று ஒரு மணி நேரம் ஜோடி ஜோடியாக நடித்துப் பார்த்தோம். அதுதான் உதவியது என்று எழுதினார்கள். இந்த வருடமும் அதே கதை. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டத்தால் ஜூலை 1, 2026 முதல் முதுகலைப் படிப்புக்குப் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் ப்ளஸ் என்ற அரசுக் கடன் இல்லை. பெற்றோர் வாங்கும் ப்ளஸ் கடனுக்குப் பிள்ளை ஒருவருக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு. உங்கள் வகுப்பு ஜூனில். இது உங்கள் பாடம் இல்லை என்றாலும் உங்களிடம் கேட்பார்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதி போடுங்கள். தெரியாததைக் கேட்டால், ‘தெரியாது, வாருங்கள் பார்க்கலாம்’ என்று அவர்கள் கண் முன்னாலேயே கையேட்டைத் திறந்து தேடுங்கள். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறீர்கள், முதல் விடையை ஏன் நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடுங்கள். அவர்கள் ஊருக்குப் போய்ச் செய்யப்போகும் வேலை அதுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் உங்கள் பாடத்தை வைத்திருந்தால் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் மாற்றுவார்கள். ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் கேட்கக்கூடாது என்று நம்மில் ஒரு கூச்சம் உண்டு, அதை விடுங்கள்.

சம்பளம் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. இந்தப் பயிற்சிகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலத் தொண்டாகச் செய்பவர்கள்தான், சங்கங்களும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். முக்கியமாக, அந்த ஐந்து நாளை உங்கள் விடுப்பிலிருந்து எடுக்காமல் வேலை நாளாகக் கணக்கில் வைக்கும்படி உங்கள் இயக்குநரிடம் இப்போதே பேசுங்கள். ‘நம் கல்லூரியின் பெயரில் போகிறேன்’ என்று சொல்லிக் கேளுங்கள். நான் நான்கு வருடம் சொந்த விடுப்பில் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னது ஆகும். வகுப்பு நாலரைக்கு முடியும். உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். ஒரு நாளாவது போகாமல், விடுதியின் கீழ்தள வரவேற்பறையில் உட்காருங்கள். ஒரு வருடம் அங்கே ஒரு இளைஞன் தயங்கித் தயங்கி வந்து எதிரே உட்கார்ந்தான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவன் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் ஒரு அம்மா அழுதிருக்கிறார். கணவருக்கு வேலை போய்விட்டது, படிவத்திலோ இரண்டு வருடம் பழைய வருமானம். ‘விதி இதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த வேலை எனக்குச் சரிப்படாது போல’ என்றான்.

உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவைப் பற்றி யாராவது உனக்குச் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். சட்டத்திலேயே இருக்கிறது: வேலை இழப்பு, பெரிய மருத்துவச் செலவு மாதிரியான சூழல்களில், ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்த்து, ஆதாரத்தைக் கோப்பில் வைத்து, கணக்கின் உள்ளீடுகளை மாற்றும் அதிகாரம் நிதியுதவி அலுவலருக்கு உண்டு. எல்லாக் கோரிக்கையையும் மொத்தமாக மறுப்பது என்று ஒரு கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ளவும் முடியாது. எட்டு மாதம் அந்த அலுவலகத்தில் யாரும் அவனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். கண்ணாடி வழியே பார்த்தால் புல்தரையில் நின்று தன் அலுவலகத்துக்கு போன் செய்து, அந்த அம்மாவின் தொலைபேசி எண்ணைத் தேடி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். மணி ஐந்தேகால், யாரோ எடுத்திருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். வகுப்பறை ஏசி ஜூனில்கூட எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். விடுதித் தலையணை காகிதம் மாதிரி இருக்கும். நீங்கள் சைவம் என்றால் கேண்டீனில் மூன்றாவது நாள் சாலட்டைப் பார்த்தாலே அழுகை வரும், ஒரு சின்ன பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் என்னைப் பல வருடம் காப்பாற்றியிருக்கிறது. முதல் நாள் அறிமுக விளையாட்டில் ‘உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம்’ சொல்லச் சொல்வார்கள். இப்போதே ஒன்றை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நின்றுகொண்டு யோசித்தால் ஒன்றும் வராது.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் கல்லூரியின் 2026 இலையுதிர் செமஸ்டர் நாட்காட்டி வந்திருக்கும். நவம்பர் பக்கத்தைத் திறந்து, 25-ஆம் தேதி புதன்கிழமை வகுப்பு உண்டா என்று பாருங்கள். பிறகு உங்கள் மென்பொருளில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், நீங்கள் வகுப்பில் சொல்ல என் கதை தேவைப்படாது.